நைஜீரியாவில் கிறிஸ்தவர்கள் குறிவைக்கப்படுகிறார்களா? சட்டம் சொல்வது என்ன... ஊரில் நடப்பது என்ன? முழு விளக்கம்!

2025 அக்டோபர் 31-ம் தேதி அமெரிக்க அதிபர் டொனால்ட் ட்ரம்ப் சமூக வலைதளத்தில் ஒரு பதிவு போட்டார். மேற்கு ஆப்பிரிக்க நாடான நைஜீரியாவில் கிறிஸ்தவமே இல்லாமல் போகும் ஆபத்து இருக்கிறது என்றும், மதச் சுதந்திரத்தை மோசமாக மீறும் நாடுகளின் பட்டியலில் நைஜீரியாவைச் சேர்ப்பதாகவும் அதில் சொன்னார். மறுநாளே, தேவைப்பட்டால் ராணுவ நடவடிக்கை எடுப்போம் என்று மிரட்டல் வந்தது. சொன்னதோடு நிற்கவில்லை. கிறிஸ்துமஸ் அன்று, நைஜீரியாவின் வடமேற்கில் உள்ள சோகோட்டோ மாநிலத்தில் ஐஎஸ் பயங்கரவாதிகள் மீது அமெரிக்கப் படை தாக்குதல் நடத்தியது.

நைஜீரிய அரசு என்ன சொல்கிறது? எங்கள் நாட்டில் பயங்கரவாதம் இருக்கிறது, அதில் முஸ்லிம்களும் சாகிறார்கள், கிறிஸ்தவர்களும் சாகிறார்கள், ஒரு மதத்தை மட்டும் குறிவைத்து எதுவும் நடக்கவில்லை என்கிறது.

இதற்கு நடுவில் சமூக வலைதளங்களில் வீடியோக்கள் பறக்கின்றன. ‘கிறிஸ்தவ இனப்படுகொலை’ என்கிறது ஒன்று. ‘எல்லாம் அமெரிக்காவின் நாடகம்’ என்கிறது இன்னொன்று.

சரி, எதுதான் உண்மை? சுருக்கமாகச் சொன்னால், கிறிஸ்தவர்கள் மதத்துக்காகவே தாக்கப்படுவது உண்மை. முஸ்லிம்களும் பெரிய எண்ணிக்கையில் கொல்லப்படுவதும் உண்மை. இரண்டுக்கும் பொதுவாக ஒரு விஷயம் இருக்கிறது. கொன்றவர்கள் பெரும்பாலும் தண்டிக்கப்படுவதே இல்லை. அது எப்படி என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நைஜீரியா... ஒரு சின்ன அறிமுகம்

ஆப்பிரிக்காவிலேயே அதிக மக்கள்தொகை கொண்ட நாடு நைஜீரியா. 22 கோடிக்கும் மேல் மக்கள், 36 மாநிலங்கள், 250-க்கும் மேற்பட்ட இனக்குழுக்கள். தலைநகர் அபுஜா. பெரிய நகரம் லாகோஸ்.

வடக்கில் ஹவுசா, ஃபுலானி, கனூரி மக்கள். இவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். தென்கிழக்கில் இக்போ மக்கள். கிட்டத்தட்ட எல்லோரும் கிறிஸ்தவர்கள். தென்மேற்கில் யோருபா மக்கள். இங்கே இரண்டு மதமும் கலந்தே இருக்கும். ஒரே வீட்டில் அண்ணன் மசூதிக்கும் தம்பி சர்ச்சுக்கும் போவது சர்வ சாதாரணம். இப்போதைய அதிபர் போலா டினுபு யோருபா முஸ்லிம். அவருடைய மனைவி ஒலுரெமி, ஒரு பெரிய பெந்தெகொஸ்தே சபையின் போதகர்!

நாடு முழுக்கக் கணக்குப் பார்த்தால் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் ஏறக்குறைய பாதிக்குப் பாதி. யார் கொஞ்சம் அதிகம்? அதுதான் அங்கே யாரும் வாய்விட்டுச் சொல்லத் தயங்கும் கேள்வி. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கடைசியாக மதம் கேட்கப்பட்டது 1963-ல். 2006 கணக்கெடுப்பில் மதம், இனம் இரண்டையுமே கேட்கவில்லை. கேட்டால் கலவரம் வரும் என்ற பயம்தான் காரணம்.

வடக்கு ஒரு மாதிரி, தெற்கு ஒரு மாதிரி... ஏன்?

இஸ்லாம் சகாரா பாலைவன வணிகப் பாதை வழியாக வடக்கே வந்தது. 11-ம் நூற்றாண்டிலேயே கானெம் அரசர்கள் இஸ்லாத்தை ஏற்றுவிட்டார்கள். 1804-ல் உஸ்மான் டான் ஃபோடியோ என்ற ஃபுலானி அறிஞர் தொடங்கிய புனிதப்போர், சோகோட்டோ கலிஃபாவை உருவாக்கியது. இன்றைக்கும் சோகோட்டோ சுல்தான்தான் நைஜீரிய முஸ்லிம்களின் முதன்மைத் தலைவராக மதிக்கப்படுகிறார்.

கிறிஸ்தவம் கடல் வழியாகத் தெற்கே வந்தது. 1842-ல் படாக்ரி என்ற கடற்கரை ஊரில் மிஷனரிகள் பணியைத் தொடங்கினார்கள். ஆனால் அதை ஊருக்குள் கொண்டுபோனதில் ஆப்பிரிக்கர்களுக்கே பெரிய பங்கு. சாமுவேல் அஜாயி கிரவுதர் ஓர் உதாரணம். சிறுவனாக இருந்தபோது அடிமையாகப் பிடிக்கப்பட்டு, கப்பலில் ஏற்றப்பட்டு, வழியில் பிரிட்டிஷ் கடற்படையால் மீட்கப்பட்டவர். பின்னாளில் பைபிளை யோருபா மொழியில் கொண்டுவருவதில் முன்னின்றார். 1864-ல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் ஆப்பிரிக்க பிஷப் ஆனார்.

பிறகு வந்த பிரிட்டிஷ் ஆட்சி ஒரு வேலை செய்தது. வடக்கின் அமீர்களிடம், உங்கள் மதத்தில் தலையிட மாட்டோம் என்று வாக்குக் கொடுத்தது. முஸ்லிம் பகுதிகளில் மிஷனரிகளுக்குக் கட்டுப்பாடு போட்டது. விளைவு? மிஷன் பள்ளிகள் தெற்கில் பெருகின. ஆங்கிலப் படிப்பும் குமாஸ்தா வேலையும் தெற்கத்தியர்களுக்குப் போயின. வடக்கே ரயில்வே வேலைக்கும் வியாபாரத்துக்கும் போன தெற்கத்தியர்கள், பழைய நகரத்துக்கு வெளியே ‘சபோன் காரி’ என்ற தனிப் பகுதியில் குடியேறினார்கள். ஹவுசா மொழியில் அதற்குப் புது ஊர் என்று பொருள். கானோ நகரில் இன்றைக்கும் சர்ச்சுகள் வரிசையாக இருப்பது அந்தப் பகுதியில்தான்.

1914-ல் வடக்கையும் தெற்கையும் பிரிட்டிஷ் அரசு ஒரே நாடாக இணைத்தது. 1960-ல் சுதந்திரம் கிடைத்தது. ஆனால் வடக்குக்கும் தெற்குக்கும் நடுவே இருந்த அவநம்பிக்கை மட்டும் கரையவே இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

நைஜீரியாவின் 1999 அரசியல் சட்டத்தைப் படித்தால் ஒரு குறையும் சொல்ல முடியாது.

* பிரிவு 10: மத்திய அரசோ மாநில அரசோ எந்த மதத்தையும் அரசு மதமாக ஏற்கக் கூடாது.
* பிரிவு 38: ஒவ்வொருவருக்கும் சிந்தனை, மனசாட்சி, மதச் சுதந்திரம் உண்டு. மதம் மாறும் உரிமையும் இதில் அடக்கம்.

இவ்வளவு தெளிவாக எழுதியிருக்கும்போது சிக்கல் எங்கே வந்தது? அதே ஆண்டில்தான் வந்தது.

12 மாநிலங்களில் ஷரியா குற்றவியல் சட்டம்

1999-ல் ராணுவ ஆட்சி முடிந்து மக்களாட்சி திரும்பியது. அந்தச் சூட்டோடு ஜம்ஃபாரா மாநில ஆளுநர் அஹ்மத் சானி, தன் மாநிலத்தில் ஷரியா குற்றவியல் சட்டம் வரும் என்று அறிவித்தார். அதற்கு முன்பும் வடக்கில் ஷரியா நீதிமன்றங்கள் இருந்தன. ஆனால் அவை திருமணம், விவாகரத்து, சொத்துரிமை போன்ற குடும்ப விவகாரங்களை மட்டுமே பார்த்தன. 2000-ல் இருந்து திருட்டு, மது, தகாத உறவு, இறைநிந்தனை எல்லாம் உள்ளே வந்தன. ஒன்றைப் பார்த்து ஒன்றாக மொத்தம் 12 வடமாநிலங்கள் அதைக் கொண்டுவந்தன.

ஷரியா முஸ்லிம்களுக்கு மட்டும்தான், கிறிஸ்தவர்களை அது தொடாது என்று உறுதி சொன்னார்கள். ஆனால் கிறிஸ்தவர்களும் பெருமளவில் வாழும் கடுனா மாநிலத்தில் யாரும் அதை நம்பவில்லை. 2000 பிப்ரவரியில் கிறிஸ்தவர்கள் எதிர்ப்புப் பேரணி போக, அது கலவரமாக வெடித்து ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இரண்டு தரப்பிலும் இழப்பு.

பிரிவு 10 இருக்கும்போது ஒரு மாநிலம் மதச் சட்டத்தைக் குற்றவியல் சட்டமாக்கலாமா? 25 வருஷம் ஆகியும் இதற்கு இறுதித் தீர்ப்பு கிடைக்கவில்லை.

வடக்கில் ஒரு கிறிஸ்தவரின் அன்றாட வாழ்க்கை

குண்டுவெடிப்பு மட்டும்தான் மதச் சுதந்திரப் பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். சத்தமே இல்லாமல் நடப்பதும் இருக்கிறது. வடமாநிலக் கிறிஸ்தவர்கள் பல வருஷமாகச் சொல்லும் புகார்கள் இவை:

* சர்ச் கட்ட நிலம் வாங்கினால் அரசு அனுமதிப் பத்திரம் கிடைப்பதில்லை. விண்ணப்பம் வருஷக்கணக்கில் கிடப்பில் கிடக்கும்.
* அரசுப் பள்ளிகளில் இஸ்லாமியப் பாடத்துக்கு ஆசிரியர் உண்டு. கிறிஸ்தவப் பாடத்துக்குப் பல இடங்களில் ஆசிரியரே கிடையாது.
* இஸ்லாத்தை விட்டுக் கிறிஸ்தவத்துக்கு வருபவர்கள், சட்டம் அனுமதித்தாலும், குடும்பத்துக்கும் ஊருக்கும் பயந்து ஊரை விட்டே போக வேண்டியிருக்கிறது.

தெற்கில் கதையே வேறு. லாகோஸ் பக்கம் போனால் லட்சக்கணக்கில் கூடும் பெந்தெகொஸ்தே ஆராதனைகள், விடிய விடிய ஜெபக் கூட்டங்கள். கிறிஸ்தவத்துக்கு அங்கே எந்தத் தடையும் இல்லை. சொல்லப்போனால் தெற்கில் புகார் சொல்வது முஸ்லிம்கள். லாகோஸ் அரசுப் பள்ளிகளில் ஹிஜாபுக்குத் தடை இருந்தது. மாணவிகள் ஹிஜாப் அணியலாம் என்ற தீர்ப்பை 2022 ஜூனில்தான் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

இரண்டு பெரிய மதங்களுக்கும் நடுவே மாட்டிக்கொண்டவர்களும் உண்டு. 2023-ல் இலோரின் நகரில் யோருபா பாரம்பரிய வழிபாட்டு விழா நடத்த முயன்றபோது, ஒரு முஸ்லிம் அமைப்பு எதிர்ப்புத் தெரிவித்ததால் அது நடக்கவில்லை. ஆக, நைஜீரியாவில் மதச் சுதந்திரம் நீங்கள் எந்த ஊரில் சிறுபான்மை என்பதைப் பொறுத்து மாறுகிறது.

ஒரு வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜ்... போனது ஓர் உயிர்

2022 மே 12. சோகோட்டோவில் உள்ள ஷேஹு ஷகாரி கல்வியியல் கல்லூரி. டெபோரா சாமுவேல் என்ற கிறிஸ்தவ மாணவி அங்கே இரண்டாம் ஆண்டு படித்தார். வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் மதச் செய்திகள் வந்தன. இந்தக் குரூப் படிப்புக்காகத்தானே, இதில் ஏன் இதெல்லாம் என்று கேட்டு அவர் ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார். அதில் நபியை அவமதித்துவிட்டார் என்று சிலர் கிளப்பினார்கள்.

சிறிது நேரத்தில் கும்பல் கூடிவிட்டது. பாதுகாப்பு அறையில் இருந்தவரை வெளியே இழுத்துப்போட்டு, அடித்து, கல்லெறிந்து, எரித்தார்கள். செய்தவர்களே அதை வீடியோவும் எடுத்தார்கள். முகங்கள் தெளிவாகத் தெரிந்தன.

சோகோட்டோ சுல்தான் தரப்பு இந்தக் கொலையைக் கண்டித்தது. போலீஸ் இரண்டு பேரைக் கைது செய்தது. உடனே அவர்களை விடுதலை செய்யச் சொல்லி ஊர்வலம். ஊர்வலம் கலவரமாகி சர்ச்சுகள் தாக்கப்பட்டன. ஊரடங்கு போட வேண்டியதாயிற்று.

வழக்கு என்ன ஆனது? கைதானவர்கள் மீது கொலை வழக்கே போடவில்லை. குற்றச் சதி, பொது அமைதிக்குக் குந்தகம். அவ்வளவுதான். அவர்களுக்காக 34 வழக்கறிஞர்கள் ஆஜரானார்கள். அரசுத் தரப்பு வழக்கறிஞரோ தொடர்ந்து வரவே இல்லை. 2023 ஜனவரியில் நீதிமன்றம் இருவரையும் விடுவித்துவிட்டது.

இத்தோடு முடியவில்லை. பவுச்சி மாநிலத்தில் ஒரு கிறிஸ்தவப் பெண் சுகாதார ஊழியர். ஐந்து பிள்ளைகளுக்குத் தாய். டெபோராவின் கொலையைக் கண்டிக்கும் வீடியோ ஒன்றை உடன் வேலை பார்ப்பவர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் ஃபார்வர்டு செய்தார் என்று அதே மே மாதம் கைது செய்யப்பட்டார். ஜாமீன் கிடைக்கவே 19 மாதம் ஆனது. 2024 டிசம்பரில்தான் நிரபராதி என்று விடுதலையானார்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கொலை வழக்கில் பிடிபட்டவர்கள் எட்டு மாதத்தில் வெளியே. கொலையைக் கண்டித்த வீடியோவை அனுப்பியவர் 19 மாதம் உள்ளே. அதற்குப் பிறகு வடக்கில் யார் வாயைத் திறப்பார்கள்?

இறைநிந்தனைச் சட்டம் கிறிஸ்தவர்களுக்கு மட்டுமா?

இல்லை. இதில் சிக்கியவர்களில் முக்கியமானவர்கள் பலர் முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர்கள்தான்.

யஹாயா ஷரிஃப் அமினு. கானோவைச் சேர்ந்த சூஃபி பாடகர். வாட்ஸ்அப்பில் பகிர்ந்த பாடலுக்காக 2020 ஆகஸ்டில் ஷரியா நீதிமன்றம் அவருக்கு மரண தண்டனை விதித்தது. மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு ரத்தாகி மறுவிசாரணைக்கு உத்தரவானது. ஆனால் இறைநிந்தனைச் சட்டமே செல்லாது என்று அறிவிக்க வேண்டும் என்பது அவருடைய கோரிக்கை. அந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது.

முபாரக் பாலா. நைஜீரிய மனிதநேயச் சங்கத்தின் தலைவராக இருந்த நாத்திகர். ஃபேஸ்புக் பதிவுகளுக்காக 2020-ல் கைதானவருக்கு 2022-ல் 24 ஆண்டு சிறை. மேல்முறையீட்டில் அது 5 ஆண்டாகக் குறைந்து, 2025 ஜனவரியில் வெளியே வந்தார்.

2025 ஏப்ரலில் மேற்கு ஆப்பிரிக்க நாடுகள் கூட்டமைப்பின் நீதிமன்றம், கானோவின் இறைநிந்தனைச் சட்டப் பிரிவுகள் கருத்துச் சுதந்திரத்துக்கு எதிரானவை, அவற்றை மாற்ற வேண்டும் என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்தாலும் கானோ அரசை அதைச் செயல்படுத்த வைப்பது யார்? அதுதான் கேள்வி.

போகோ ஹராம்: சர்ச்சிலும் குண்டு, மசூதியிலும் குண்டு

2002 வாக்கில் போர்னோ மாநிலத்தின் மைடுகுரி நகரில் முகமது யூசுஃப் என்பவர் தொடங்கிய இயக்கம் போகோ ஹராம். மேற்கத்தியக் கல்வி விலக்கப்பட்டது என்பது இந்தப் பெயரின் சாரம். 2009-ல் யூசுஃப் போலீஸ் காவலில் இறந்தார். அதன் பிறகு அபுபக்கர் ஷெகாவ் தலைமையில் அது முழு ஆயுதப் போராக மாறியது. 2016-ல் உடைந்து ஐஎஸ் ஆதரவு அணி தனியாகப் பிரிந்தது.

கிறிஸ்தவர்கள் மீது இவர்கள் நடத்திய தாக்குதல்களில் மத நோக்கத்தை மறைக்கக்கூட இல்லை.

* 2011 கிறிஸ்துமஸ்: அபுஜா அருகே மடல்லாவில் புனித தெரசா ஆலயத்தில் ஆராதனை முடியும் நேரத்தில் குண்டுவெடிப்பு. 30-க்கும் மேற்பட்டோர் பலி.
* 2014 ஏப்ரல்: சிபோக் பள்ளியில் இருந்து 276 மாணவிகள் கடத்தல். பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள்.
* 2018 பிப்ரவரி: யோபே மாநிலத்தின் டாப்சி பள்ளியில் 110 மாணவிகள் கடத்தல். ஒரு மாதத்தில் கிட்டத்தட்ட எல்லோரையும் திருப்பி அனுப்பினார்கள். 14 வயது லியா ஷரிபுவை மட்டும் விடவில்லை. கிறிஸ்தவ மதத்தை விட மாட்டேன் என்று அவர் மறுத்ததுதான் காரணம் என்று திரும்பி வந்த தோழிகள் சொன்னார்கள்.

அதே இயக்கம் முஸ்லிம்களையும் விடவில்லை. 2014 நவம்பரில் கானோ மத்திய மசூதியில் வெள்ளிக்கிழமைத் தொழுகையின்போது நடந்த தாக்குதலில் நூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தங்களை ஏற்காத முஸ்லிம்களும் எதிரிகள்தான் என்பது இவர்கள் கொள்கை. வடகிழக்கில் பெரும்பான்மை முஸ்லிம்கள் என்பதால் செத்தவர்களிலும் அவர்களே அதிகம்.

2020 முடிய இந்தப் போரில் நேரடியாக இறந்தவர்கள் சுமார் 35,000 பேர் என்றும், பசி, நோய் எல்லாம் சேர்த்தால் சுமார் 3.5 லட்சம் என்றும் ஐ.நா. வளர்ச்சித் திட்டம் மதிப்பிட்டது.

நடு நைஜீரியாவில் நடப்பது மதச் சண்டையா, நிலச் சண்டையா?

இங்கதான் விவாதமே சூடாகிறது. வடக்குக்கும் தெற்குக்கும் நடுவில் உள்ள பிளாட்டோ, பெனுவே போன்ற மாநிலங்களை ‘மிடில் பெல்ட்’ என்கிறார்கள். விவசாயிகளான பெரோம், டிவ் போன்ற மக்கள் இங்கே இருக்கிறார்கள். பெரும்பாலும் கிறிஸ்தவர்கள். மாடு மேய்க்கும் ஃபுலானிகள் முஸ்லிம்கள்.

காலம் காலமாக மாடுகள் கோடையில் தெற்கே வரும், அறுவடை முடிந்த வயலில் மேயும், எரு போடும். இருவருக்கும் லாபம். பிறகு வடக்கில் பாலைவனம் பரவியது. மேய்ச்சல் நிலம் குறைந்தது. தெற்கில் மக்கள்தொகை பெருகி, பழைய மேய்ச்சல் பாதைகளே வயல்களாகிவிட்டன. மாடு பயிரில் இறங்கினால் சண்டை. அந்தச் சண்டைக்குக் கம்பு போய்த் துப்பாக்கி வந்துவிட்டது.

பெனுவே மாநிலம் 2017-ல் திறந்தவெளி மேய்ச்சலுக்குத் தடை போட்டது. 2018 புத்தாண்டில் அங்கே கிராமங்கள் தாக்கப்பட்டன. ஒரே நாளில் 73 சவப்பெட்டிகளை வரிசையாக வைத்து அடக்கம் செய்தார்கள்.

இதோடு இன்னொரு உள்ளூர்ச் சிக்கல். நைஜீரியாவில் ஒவ்வொரு பகுதியிலும் ‘மண்ணின் மைந்தர்’, ‘வந்தேறி’ என்று பிரிவு உண்டு. மண்ணின் மைந்தர் சான்றிதழ் இல்லாவிட்டால் அரசு வேலையும் கல்லூரி இடமும் கஷ்டம். பிளாட்டோவின் ஜோஸ் நகரில் பல தலைமுறையாக வாழும் ஹவுசா முஸ்லிம்களுக்கும் இந்தச் சான்றிதழ் கிடைப்பதில்லை. அங்கே 2001-ல் நடந்த கலவரத்தில் சுமார் ஆயிரம் பேர் இறந்தார்கள். 2004-ல் அதே மாநிலத்தின் யெல்வா ஊரில் பிப்ரவரியில் கிறிஸ்தவர்கள் கொல்லப்பட்டார்கள். மே மாதம் பழிக்குப் பழியாக நூற்றுக்கணக்கான முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள்.

அப்போ இது வெறும் நிலத் தகராறுதானா? அப்படிச் சொல்லிவிட்டுப் போவதும் நியாயம் இல்லை. 2023 கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு பிளாட்டோவில் பல கிராமங்கள் ஒரே நேரத்தில் தாக்கப்பட்டு 150-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2025-ல் குருத்தோலை ஞாயிறு இரவு அதே மாநிலத்தில் மறுபடியும் 50 பேருக்கு மேல். பெருநாளைப் பார்த்து வந்து, சர்ச்சுகளையும் எரித்துவிட்டுப் போகிறார்கள். சண்டையின் தொடக்கம் நிலமாகவே இருக்கட்டும். கணவனையும் பிள்ளையையும் பறிகொடுத்த பெண்ணிடம் போய், உன்னை மதத்துக்காகத் தாக்கவில்லை என்று யார் சொல்வது?

வடமேற்கைப் பார்த்தால் இன்னொரு உண்மை தெரியும். ஜம்ஃபாராவில் ஃபுலானி ஆயுதக் கும்பல்கள் கொல்வதும் கடத்துவதும் பெரும்பாலும் ஹவுசா விவசாயிகளை. இருவருமே முஸ்லிம்கள்! பணத்துக்காகக் கடத்துபவர்களுக்கு மதம் ஒரு பொருட்டே இல்லை. 2025 நவம்பரில் ஒரே வாரத்தில் கெப்பி மாநிலத்தில் 25 முஸ்லிம் மாணவிகள் கடத்தப்பட்டார்கள். நைஜர் மாநிலத்தின் பாபிரியில் கத்தோலிக்கப் பள்ளியில் 300-க்கும் மேற்பட்டோர் கடத்தப்பட்டார்கள் என்று கிறிஸ்தவ சங்கம் சொன்னது. இரண்டு இடத்திலும் பிள்ளைகள் பிறகு மீட்கப்பட்டார்கள்.

எண்ணிக்கையில் ஏன் இத்தனை குழப்பம்?

கிறிஸ்தவர்களுக்காக இயங்கும் ‘ஓப்பன் டோர்ஸ்’ அமைப்பின் 2025 அறிக்கைப்படி, ஓராண்டில் உலகம் முழுக்க மதத்துக்காகக் கொல்லப்பட்ட கிறிஸ்தவர்கள் 4,476 பேர். அதில் 3,100 பேர் நைஜீரியாவில்.

உலக வன்முறைச் சம்பவங்களைக் கணக்கெடுக்கும் ‘ஆக்லெட்’ அமைப்பு வேறு கணக்குச் சொல்கிறது. 2020 ஜனவரி முதல் 2025 செப்டம்பர் வரை பொதுமக்கள் மீதான தாக்குதல்களில் இறந்தவர்கள் 20,000-க்கும் மேல். அதில் கிறிஸ்தவர் என்ற அடையாளமே காரணம் என்று பதிவான தாக்குதல்களில் இறந்தவர்கள் 317. முஸ்லிம்கள் தரப்பில் அப்படிப் பதிவானது 417.

ஒன்று 3,100, இன்னொன்று 317. யார் பொய் சொல்கிறார்கள்? யாரும் சொல்லவில்லை என்றே வைத்துக்கொள்ளலாம். எண்ணும் முறைதான் வேறு. ஒரு கிறிஸ்தவக் கிராமம் எரிக்கப்பட்டால் ஓப்பன் டோர்ஸ் அதை மதத் தாக்குதலாகப் பார்க்கிறது. தாக்கியவர்களின் நோக்கம் மதம்தான் என்று செய்தியில் தெளிவாக இருந்தால் மட்டுமே ஆக்லெட் அதைத் தனியாகக் குறிக்கிறது. நோக்கத்தை உறுதியாகச் சொல்ல வேண்டியது யார்? போலீஸும் நீதிமன்றமும். விசாரணையே நடக்காத ஊரில் நோக்கம் எப்படித் தெரியும்?

ஏன் யாருக்கும் தண்டனை இல்லை?

2025 ஜூன் 13 இரவு, பெனுவே மாநிலத்தின் யெல்வாடா கிராமம். ஏற்கெனவே வேறு ஊர்களில் இருந்து தப்பி வந்து தங்கியிருந்த அகதிக் குடும்பங்களையும் சேர்த்து எரித்தார்கள். குறைந்தது 100 பேர் பலி என்றது அம்னெஸ்டி. போப் பதினான்காம் லியோ வத்திக்கானில் அவர்களுக்காகப் பிரார்த்தித்தார். சில நாளில் பெனுவே வந்த அதிபர் டினுபு, மேடையிலேயே போலீஸ் தலைவரைப் பார்த்து, ஏன் இன்னும் ஒருவரைக்கூடக் கைது செய்யவில்லை என்று கேட்டார். நாட்டின் அதிபரே கேட்கிற நிலைமை!

காரணங்கள் சிக்கலானவை அல்ல.

* போலீஸ் முழுக்க மத்திய அரசின் கையில். மாநில ஆளுநர் கண்ணெதிரே கிராமம் எரிந்தாலும் போலீஸ் மீது கடைசி அதிகாரம் அவர் கையில் இல்லை.
* இருக்கும் போலீஸாரில் பெரும் பகுதி அரசியல்வாதிகள், பணக்காரர்களின் பாதுகாப்புக்குப் போய்விடுகிறார்கள். 2025 நவம்பரில் பாதுகாப்பு அவசரநிலையை அறிவித்த டினுபு, இவர்களைத் திரும்ப அழைக்கவும், கூடுதலாக 20,000 பேரைச் சேர்க்கவும் உத்தரவிட்டார்.
* கைதானாலும் வழக்கு நகராது. ஓண்டோ மாநிலத்தின் ஓவோ நகர் கத்தோலிக்க ஆலயத்தில் 2022 ஜூன் 5 அன்று 40-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். ஐந்து பேர் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டது 2025-ல்தான்.
* கும்பல் கொலையில் கைவைத்தால் ஓட்டுப் போகும் என்று உள்ளூர் அரசியல்வாதிகள் பயப்படுகிறார்கள்.

தண்டனை இல்லை என்றால் பாதிக்கப்பட்டவர்கள் தாங்களே துப்பாக்கி எடுக்கிறார்கள். அப்படித்தான் பழிக்குப் பழி ஓடிக்கொண்டே இருக்கிறது. 2017-ல் தராபா மாநிலத்தின் மம்பில்லா பீடபூமியில் கொல்லப்பட்டது ஃபுலானிக் குடும்பங்கள். அதற்கும் நீதி கிடைக்கவில்லை என்பது அவர்களின் ஆறாத கோபம்.

அமெரிக்காவின் பட்டியலால் என்ன ஆகும்?

1998-ல் அமெரிக்கா கொண்டுவந்த சட்டப்படி, மதச் சுதந்திரத்தை மோசமாக மீறும் நாடுகளை அந்நாட்டு அரசு ‘தனிக் கவலைக்குரிய நாடு’ என்று அறிவிக்கலாம். பொருளாதாரத் தடை போடலாம், போடாமலும் விடலாம். 2020-ல் ட்ரம்ப் நிர்வாகம் நைஜீரியாவை இதில் சேர்த்தது. 2021-ல் பைடன் நிர்வாகம் நீக்கியது. 2025-ல் மறுபடி ட்ரம்ப் சேர்த்தார்.

நைஜீரியக் கிறிஸ்தவர்களிடமே இதில் ஒரே கருத்து இல்லை. இப்போதாவது உலகம் எங்களைப் பார்க்கிறதே என்கிறார்கள் சிலர். வெளியாள் குண்டு போட்டுவிட்டுப் போய்விடுவான், நாளைக்கு அதே முஸ்லிம் பக்கத்து வீட்டுக்காரரோடு வாழப்போவது நாங்கள்தானே என்கிறார்கள் வேறு சிலர். வடக்கில் சிறுபான்மையாக வாழ்பவர்களுக்கு அந்த இரண்டாவது கவலை சின்ன விஷயம் இல்லை.

அடுத்து கவனிக்க வேண்டியவை

1. ஷரிஃப் அமினு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லப்போவது. ஒரு முஸ்லிம் பாடகரின் வழக்குதான் வடக்கில் வாழும் கிறிஸ்தவர்களுக்கும் பாதுகாப்பு எவ்வளவு என்பதைத் தீர்மானிக்கும்.
2. மாநிலங்களுக்குத் தனிப் போலீஸ் கொடுக்கும் அரசியல் சட்டத் திருத்தம் நிறைவேறுமா என்பது. இதிலும் பயம் உண்டு: மாநிலப் போலீஸ் பெரும்பான்மை மதத்தின் போலீஸாக மாறிவிடக் கூடாது.
3. ஓவோ ஆலய வழக்கின் முடிவு.

இனி உங்கள் போனுக்கு நைஜீரியா வீடியோ ஏதாவது வந்தால் மூன்று கேள்வி கேட்டுப் பாருங்கள். எந்த மாநிலம்? எந்த வருஷம்? தாக்கியது யார்? போர்னோ வேறு, பெனுவே வேறு, ஜம்ஃபாரா வேறு. எல்லாவற்றையும் ஒரே வார்த்தையில் அடைத்தால் செத்தவர்களில் பாதிப்பேர் கணக்கிலேயே வராமல் போய்விடுவார்கள்.

பிரிவு 38 எழுதப்பட்டு கால் நூற்றாண்டு தாண்டிவிட்டது. நைஜீரியக் கிறிஸ்தவர்களும், அவர்களோடு சேர்ந்து அடிபடும் முஸ்லிம்களும் புதிதாக ஒரு சட்டம் கேட்கவில்லை. வீடியோவில் முகம் தெரிகிற கொலைகாரனையாவது தண்டியுங்கள் என்றுதான் கேட்கிறார்கள்.